கேம் டிஸ்க்கைக் கணினியில் படிக்க: சாதா டிரைவா, பழைய எல்ஜியா, கன்சோலேவா?

கேம்கியூப் என்ற நின்டெண்டோ கேம் கன்சோலின் டிஸ்க் ஒன்றை எடுத்துக் கணினியின் டிவிடி டிரைவில் வைத்துப் பாருங்கள். 8 செ.மீ. குட்டி டிஸ்க், தட்டின் உள்வட்டத்தில் கச்சிதமாக உட்காரும். (தட்டே இல்லாமல் டிஸ்க்கை அப்படியே விழுங்கும் ஸ்லாட் வகை டிரைவ் என்றால் தயவுசெய்து வேண்டாம். உள்ளே போனதை எடுக்க ஸ்க்ரூ டிரைவர் தேவைப்படும்.) டிரைவ் சுற்றும், தயங்கும், மறுபடி வேகம் எடுக்கும். கடைசியில் விண்டோஸ் நம்மிடமே டிஸ்க் போடச் சொல்லும்.

இதற்கு ரொம்ப நாளாக ஓடும் விளக்கம் ஒன்று உண்டு: நின்டெண்டோ டிஸ்க் தலைகீழாகச் சுற்றும், வெளியிலிருந்து உள்ளே படிக்க வேண்டும் என்று. சுத்தக் கட்டுக்கதை. லேசரைப் பொறுத்தவரை அதுவும் சாதாரண டிவிடிதான். வித்தியாசம் செக்டருக்குள்ளே, அதாவது தரவை எழுதும் சிறு கட்டத்துக்குள்ளே, இருக்கிறது. டிவிடியின் ஒரு செக்டர் 2064 பைட். அடையாள எண், சரிபார்ப்பு எண் எல்லாம் போக 2048 பைட் தரவு. அந்தத் தரவை ஒரு விதிப்படி கலைத்துப்போட்டுத்தான் எல்லா டிவிடியிலும் எழுதுவார்கள். நின்டெண்டோ அந்தக் கலைப்பு எந்த எண்ணிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை மாற்றியது; தரவு ஆரம்பிக்கும் இடத்தையும் 6 பைட் முன்னுக்குத் தள்ளியது. நம் டிரைவ் தனக்குத் தெரிந்த விதியில் பிரித்துப் பார்க்கிறது, கணக்கு உதைக்கிறது, பிழை என்று கைவிரித்துவிடுகிறது. அது படிக்காமல் இல்லை. படித்ததை நம்மிடம் தரத்தான் மறுக்கிறது.

மறுத்த சரக்கைப் பின்வாசல் வழியாக எடுப்பதுதான் பழைய எல்ஜி டிரைவ் வித்தை. ஜிடிஆர்-8161பி முதல் 8164பி வரையிலான ஹிட்டாச்சி-எல்ஜி டிரைவ்களில், வெளியே சொல்லப்படாத கட்டளை ஒன்று இருக்கிறது. ஈ7 என்ற பைட், அதன் பின்னால் ஹெச், ஐ, டி என்று மூன்று எழுத்துகள். இதை அனுப்பினால் டிரைவ் தன் நினைவகத்தில் இருப்பதை அப்படியே கொட்டிவிடும். ஃப்ரீடம்ப், ராடம்ப் மாதிரியான மென்பொருள்கள் செய்வது இவ்வளவுதான்: இந்த செக்டரைப் படி என்கின்றன, டிரைவ் பிழை என்கிறது, பரவாயில்லை, உன் கேஷில் (தற்காலிக நினைவகத்தில்) கிடப்பதைக் கொடு என்று வாங்கிக்கொள்கின்றன. கலைப்பு எண்ணை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, சரிபார்ப்பு எண் எதில் பொருந்துகிறதோ அதை வைத்துத் தரவைப் பிரித்துவிடுகின்றன. கேட்கவே அழகாக இருக்கிறது.

வாங்கிப் பயன்படுத்தத்தான் அவ்வளவு அழகாக இல்லை. இவை ஐடிஇ என்ற பழைய இணைப்பு வகைக் காலத்து டிரைவ்கள். சென்னை ரிச்சி தெருவில் 8164பி இருக்கிறதா என்று கேட்டால் கடைக்காரர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். எனக்கு ஒன்று கிடைத்தது. யூஎஸ்பி மாற்றியில் மாட்டினேன். சாதா டிவிடி ஓடியது, அந்த ரகசியக் கட்டளை மட்டும் போய்ச் சேரவில்லை. ஐடிஇ சாக்கெட் உள்ள பழைய மதர்போர்டு ஒன்றைத் தூசி தட்டி எடுத்த பிறகுதான் வேலை நடந்தது.

இதற்குப் போட்டி, நின்டெண்டோ வீ கன்சோலே. 2006-ல் வந்த முதல் மாடல் கேம்கியூப் டிஸ்க்குகளையும் ஓட்டும். லெட்டர்பாம் என்ற பூட்டுடைக்கும் வித்தை வழியாக ஹோம்ப்ரூ சேனலை (வெளியார் எழுதிய மென்பொருளை ஓட்டும் செயலி) ஏற்றி, கிளீன்ரிப் என்ற மென்பொருளை எஸ்டி கார்டில் போட்டால் தீர்ந்தது. டிஸ்க்கைச் செருகுகிறோம், யூஎஸ்பி டிரைவில் இமேஜ் (டிஸ்க்கின் முழு நகல்) வந்து விழுகிறது. ரீடம்ப் என்ற டிஸ்க் விவரத் தளத்தின் பட்டியலில் உள்ள செக்சம்மோடு (சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டு, சரியாக வந்திருக்கிறதா என்றும் அதுவே சொல்லிவிடும். யூஎஸ்பி டிரைவ் ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக எழுத முடியாது. 1.46 ஜிபி கேம்கியூப் டிஸ்க்குக்கு அது பிரச்சினையே இல்லை, 4.7 ஜிபி வீ டிஸ்க்கைத் துண்டு துண்டாகத்தான் எழுதும், பிறகு ஒட்டிக்கொள்ள வேண்டும். எனக்கு இதில் சந்தேகமே இல்லை: கணினியில் இந்தக் கன்சோல்களைப் போல இயங்கும் டால்ஃபின் மென்பொருளில் விளையாட வேண்டும் என்பவர் எல்ஜி டிரைவைத் தேடி அலையும் நேரத்தில் பழைய வீ ஒன்றை வாங்கிவிடலாம். வித்தையை ரசிக்க வேண்டும் என்பவருக்கு எல்ஜி.

எக்ஸ்பாக்ஸுக்கு வந்தால் தீர்ப்பு தலைகீழ். அந்த டிஸ்க்கைக் கணினியில் போட்டால் குட்டி டிவிடி வீடியோ ஒன்று ஓடும்: இதை எக்ஸ்பாக்ஸில் போடுங்கள் என்று. கேம் இருக்கும் பகுதி சாதா டிரைவின் கண்ணுக்கே படாது. கன்சோலும் டிரைவும் கேள்வி பதில் பரிமாறி முடித்தால்தான் அது திறக்கும். சாம்சங் எஸ்எச்-டி162சி, எஸ்எச்-டி163ஏ போன்ற டிரைவ்களில் கிரியான் ஃபர்ம்வேரை (டிரைவுக்குள்ளேயே ஓடும் மாற்று மென்பொருள்) ஏற்றினால் அந்தப் பகுதி கணினிக்குத் திறந்துவிடும், அந்தக் கேள்வி பதில் விவரம் இருக்கும் பாதுகாப்பு செக்டரும் சேர்த்து. கன்சோல் வழியும் உண்டு: மாட் செய்த (பூட்டுடைத்து மாற்றிய) எக்ஸ்பாக்ஸிலிருந்து எஃப்டிபியில், அதாவது நெட்வொர்க் வழியாக, கோப்புகளை இழுக்கலாம். ஆனால் வருவது கோப்புகள்தான். டிஸ்க்கின் அமைப்பு வராது. விளையாட அது போதும். டிஸ்க்கையே பாதுகாக்க வேண்டும் என்றால் சாம்சங்தான். எக்ஸ்பாக்ஸ் 360-ல் 2011 முதல் வந்த புது வகை டிஸ்க்குகளுக்கு அதுவும் போதாது, லைட்-ஆன் டிரைவ் ஒன்றுக்கு வேறு ஃபர்ம்வேர் தேட வேண்டும். அந்தத் தலைவலியை நான் இன்னும் வாங்கவில்லை.

சோனிக்காரர்களுக்கு இந்தப் பாடெல்லாம் பெரும்பாலும் கிடையாது. பிளேஸ்டேஷன் 2 டிவிடியை எந்த டிரைவிலும் போட்டு ஐஎஸ்ஓ (ஒரே கோப்பாக டிஸ்க் நகல்) எடுக்கலாம். முதல் பிளேஸ்டேஷனின் கறுப்பு டிஸ்க்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்தக் கறுப்பு நம் கண்ணுக்குத்தான், சிடி லேசரின் அகச்சிவப்பு ஒளிக்கு அது கண்ணாடி. நகலைக் கன்சோல் ஏற்காததற்குக் காரணம் டிஸ்க்கின் தொடக்கத்தில் உள்ள தடத்தின் நெளிவு. தரவைப் படிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் இந்தக் கறுப்பு டிஸ்க்குக்கு ஐஎஸ்ஓ எடுக்காதீர்கள். அது செக்டருக்கு 2048 பைட்தான் எடுக்கும்; படக்காட்சியும் பேச்சும் இருக்கும் செக்டர்களில் 2324 பைட் இருக்கிறது. முழு 2352 பைட்டையும் பின்/கியூ (.bin, .cue) கோப்பாக எடுங்கள். பிளேஸ்டேஷன் 3-க்கு மீடியாடெக் சிப் உள்ள ப்ளூ-ரே டிரைவும் அந்த டிஸ்க்கின் குறியாக்கத்தை அவிழ்க்கும் சாவியும் வேண்டும். கையடக்கக் கன்சோலான பிஎஸ்பியின் யூஎம்டி டிஸ்க்கை எந்த டிரைவிலும் வைக்கவே முடியாது, பிஎஸ்பிதான் ஒரே வழி.

மிச்சம் சேகாவின் டிரீம்காஸ்ட் கன்சோல். யமஹாவோடு சேர்ந்து சேகா செய்த ஜிடி-ராம் என்ற அதன் டிஸ்க்கில் உள்பகுதி சாதா சிடி, சுமார் 35 எம்பி. அதற்கு வெளியே நெருக்கமாக எழுதிய பகுதியில் சுமார் 1 ஜிபி. கணினி டிரைவ் உள்பகுதியின் அட்டவணையைப் படித்துவிட்டு டிஸ்க் இவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்ளும். அதை ஏமாற்ற, நீளமான அட்டவணை கொண்ட வேறொரு சிடியை முதலில் காட்டி, டிரைவின் மூடியைக் கழற்றி, அதற்குத் தெரியாமல் டிஸ்க்கை மாற்ற வேண்டும். சில டிரைவ்கள் ஏமாறும், பல ஏமாறாது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை இதில் தொலைத்தேன். கன்சோலுக்கு ஒரு எஸ்டி அடாப்டர் வாங்கி, டம்ப் எடுக்கும் (டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும்) மென்பொருளைச் சாதா சிடி-ஆரில் எழுதிப் போட்டால் போதும். 2000-ன் கடைசிக்கு முன் தயாரான டிரீம்காஸ்ட் என்றால் மில்-சிடி என்ற இசை சிடி வகைக்காக சேகா விட்டிருந்த ஓட்டை வழியாக அதை மறுபேச்சில்லாமல் ஏற்றிக்கொள்ளும்.