மணல்மேட்டில் புல் வெட்ட டிராக்டர்: ஏழு வருஷ அனுபவம்

வாலிநோக்கம் பக்கம் கடலை ஒட்டி எங்களுக்குப் பதினோரு ஏக்கர் இருக்கிறது. பாதி பனை, கொஞ்சம் தென்னை, மீதி மணல்மேடு. ராமநாதபுரம் என்றால் தட்டையான பூமி என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். எங்கள் மேட்டில் ஏறி நின்றால் ஓட்டுவீட்டுக் கூரை கண்ணுக்கு நேராக வரும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்தால் கோரையும் புல்லும் சீமைக்கருவேலங்கன்றும் இடுப்பளவுக்கு ஏறிவிடும்.

முதலில் 35 ஹெச்.பி. டூ வீல் டிராக்டர்தான் வைத்திருந்தோம், பின்சக்கரம் இரண்டு மட்டும் இழுக்கிற வண்டி. உழவுக்கு நல்ல வண்டி. ஸ்லாஷரை, அதாவது பிளேடு சுற்றிப் புல் வெட்டும் கருவியை, பின்னால் மாட்டி மேட்டில் ஏற்றினால் பின்சக்கரம் மணலைத் தோண்டிக்கொண்டு இறங்கிவிடும், மூக்கு லேசாகித் தூக்கும். 2018-இல் நாலு சக்கரமும் இழுக்கிற 45 ஹெச்.பி. ஃபோர் வீல் எடுத்தேன். கடையில் எல்லோரும் ஹெச்.பி.யைப் பற்றியே பேசினார்கள். ஏழு வருஷம் ஓட்டிய பிறகு சொல்கிறேன், சரிவில் புல் வெட்டுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது வண்டி எப்படி நிற்கிறது, எப்படி நிறுத்த முடிகிறது என்பதைத்தான். ஆறடி ஸ்லாஷரைச் சுற்ற 45 தாராளம்.

நிற்பது என்றால் அகலமும் எடையும். பின்சக்கர ரிம்மைத் திருப்பிப் போட்டு அகலப்படுத்தினேன். டயரில் முக்கால் பங்கு தண்ணீர் ஏற்றினேன், எடை கீழே நிற்கும். அகலப்படுத்தியதும் ஒரு சங்கடம் வந்தது. அப்போதிருந்த ஐந்தடி ஸ்லாஷருக்கு வெளியே டயர் ஓடி, மிதிபட்ட புல் வெட்டுப்படாமல் இரண்டு கோடாகப் படுத்துக்கிடந்தது. ஆறடி வாங்கினேன். வாங்கும்போதே டயர் அகலத்தையும் ஸ்லாஷர் அகலத்தையும் சேர்த்து அளந்து பாருங்கள்.

நிறுத்துவதில் பி.டி.ஓ.தான் விஷயம், இன்ஜின் சுழற்சியை ஸ்லாஷருக்குக் கொடுக்கும் பின்பக்கத் தண்டு அது. சிங்கிள் கிளட்ச் வண்டியில் கிளட்சை மிதித்தாலும், சுற்றிக்கொண்டிருக்கும் பிளேடின் வேகம் வண்டியை முன்னே தள்ளும். சரிவில் அது ஆபத்து. டூயல் கிளட்ச் இருந்தால் பாதி மிதித்தால் வண்டி நிற்கும், பிளேடு நிற்காமல் சுற்றும். முழுக்க மிதித்தால்தான் பி.டி.ஓ.வும் நிற்கும். பழைய வண்டிதான் இருக்கிறது என்றால் பிளேடின் வேகம் திரும்ப வண்டியைத் தள்ளாதபடி பி.டி.ஓ.வில் ஒருவழிக் கப்ளிங் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், மேட்டில் இரண்டு பிரேக் பெடலையும் பூட்டியே ஓட்டுங்கள். ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கமாகத் திரும்பிவிடும்.

இரண்டாம் வருஷம் ஒரு நாள் அவசரத்தில் மேட்டைக் குறுக்காக வெட்டினேன். கோரைக்குள் மறைந்திருந்த பனைத்தூரில் மேல்பக்கச் சக்கரம் ஏறியது. சீட் என்னைக் கீழ்ப்பக்கமாகத் தள்ளியது. டயர் ஓரத்திலிருந்து மணல் சரிகிற சத்தம் கேட்டது. கீழே நின்ற டிரைவர் தம்பி, "அண்ணே, கீழ்ப்பக்கமா ஒடிங்கண்ணே!" என்று கத்தினான். ஒடித்தேன், வண்டி தலையைக் கீழே திருப்பி நின்றது. அன்றிலிருந்து மேலும் கீழுமாகத்தான் வெட்டு. வெட்டுவதற்கு முன்னால் ஒருவர் கம்போடு நடந்து, தூர், கல், பனங்கருக்கு கிடக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார். பின்னால் ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுகிறவரைக் காக்கும் இரும்புச் சட்டம்), சீட் பெல்ட் இல்லாத வண்டியை மேட்டுக்கு எடுக்காதீர்கள், இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் பாதுகாப்பு.

சீமைக்கருவேலில் எனக்கு நிறைய நஷ்டம். கட்டைவிரல் தடிமன் வரை ஸ்லாஷர் வெட்டிவிடும். ஆனால் வெட்டிய கட்டை ஆணி மாதிரி நிற்கும், மறு வெட்டில் டயரைக் குத்தும். பத்து நாளில் தளிர்த்தும் விடும். மழை ஈரத்தில் வேரோடு பிடுங்கிவிட்டு, அப்புறம் ஸ்லாஷர் ஓட்டுவதே மேல்.

உப்புக்காற்றைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நல்ல தண்ணீரில் கழுவாமலும் பழைய ஆயில் தடவாமலும் விட்ட ஒரு பருவத்திலேயே ஸ்லாஷர் தகடு உதிர ஆரம்பித்தது. ரேடியேட்டரில் புல் விதை அடைக்கும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊதிவிடுகிறேன்.

கடல் பார்த்த சரிவில் மட்டும் நான் வெட்டுவதே இல்லை. அங்கே அடம்பங்கொடியும் இராவணன் மீசையும் மணலைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு வருஷம் உச்சி ஓரத்தில் கொஞ்சம் வெட்டிவிட்டேன், ஆடிக்காற்றில் அந்த இடத்து மணல் தென்னை வரிசைக்குள் வந்து கொட்டியது. இப்போது அந்த ஓரத்தில் மூன்று பனங்கன்று நட்டு அடையாளம் வைத்திருக்கிறேன். டிராக்டர் அதைத் தாண்டாது.