சுடுதண்ணீர் கேட்டேன், தண்ணி காட்டிவிட்டார்கள்: ட்ரெய்லருக்கு ஹீட்டர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

1,074 டாலர் போயிற்று. ஹீட்டருக்கு 649, ட்ரெய்லரின் வெளிச்சுவரில் அதை மூடும் கதவுக்கு 85, பொருத்துக்கூலி 340. கழற்றிய அந்தப் புது ஹீட்டர் அட்டைப்பெட்டிக்குள் கிடக்கிறது. அது உட்கார வேண்டிய ஓட்டையை பிளைவுட் வைத்து அடைத்து, சுற்றிலும் டேப் ஒட்டியிருக்கிறேன். கழற்றி இரண்டு நாள்கூட ஆகவில்லை, சூடு ஆறவில்லை. வார்த்தை எங்காவது தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் ட்ரெய்லரோ கேம்பர் வேனோ வைத்திருந்து, குளிர்காலத்துக்குள் வாட்டர் ஹீட்டரை மாற்றிவிடலாம் என்று இணையத்தில் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு இது. விற்றவர் எல்லாப் பொருளும் கிடைக்கும் ஒரு பெரிய இணையச் சந்தைக்குள் கடை போட்டிருக்கும் மூன்றாம் நபர். பெயர் போடவில்லை. போட்டால் அடுத்த வாரமே வேறு பெயரில் அதே படத்தோடு வந்து உட்காருவார். எந்த வழியாக ஏமாற்றுகிறார்கள் என்பதைச் சொல்கிறேன், அது பெயர் மாறினாலும் மாறாது.

முதலில் பழைய ஹீட்டர். 6 கேலன் ஸ்டீல் டேங்க். கேஸில் மணிக்கு 12,000 பி.டி.யூ. (ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் ஏற்றும் வெப்பம்தான் ஒரு பி.டி.யூ.), கரண்டில் 1,440 வாட். ஸ்டீல் டேங்குக்குள் மக்னீசியத்தில் ஒரு அனோட் ராட் இருக்கும். துரு டேங்கைத் தின்னாமல் ராடைத் தின்னட்டும் என்பதற்காக அது. முக்கால்வாசி கரைந்ததும் மாற்ற வேண்டும். இந்த ட்ரெய்லரின் முந்தைய உரிமையாளர் தொட்டதே இல்லை. 1-1/16 இஞ்ச் சாக்கெட் போட்டுக் கழற்றியபோது நடுக்கம்பி மட்டும்தான் வந்தது. டேங்க் வெல்டிங் ஓரத்தில் ஒழுகத் தொடங்கியிருந்தது. அலுமினிய டேங்க் வைத்திருப்பவர்களுக்கு இந்த ராட் கிடையாது, அதில் பிளாஸ்டிக் பிளக் மட்டும்தான். யாராவது சொன்னார்கள் என்று அதில் ராடைத் திணிக்க வேண்டாம்.

அதே அளவில் இன்னொரு 6 கேலன் டேங்க் வாங்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கணக்கும் அதற்குச் சாதகம்தான். 6 கேலன் தண்ணீர் 50 பவுண்டு. அதை 55 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 135-க்கு ஏற்ற 4,000 பி.டி.யூ. வேண்டும். பர்னரில் எரிவதில் முக்கால் பங்கு தண்ணீருக்குள் போகிறது என்று வைத்தால், கேஸில் 27 நிமிடம். கரண்டில் 50 நிமிடம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் 17 நிமிடம். வெந்நீரோடு பச்சைத்தண்ணீர் கலந்து குளித்தால் 9 கேலன் வரும், ஷவரில் ஆறு நிமிடம். ஒருவர் குளித்து அடுத்தவர் துண்டு எடுத்து வருவதற்குள் மறுபடி சூடாகிவிடும்.

ஆனால் விளம்பரத்தில் "முடிவே இல்லாத சுடுதண்ணீர்" என்று போட்டிருந்தது. டேங்க்லெஸ் (தண்ணீரைத் தேக்காமல் ஓடும்போதே சூடாக்குவது), மணிக்கு 65,000 பி.டி.யூ., பழைய 6 கேலன் ஓட்டையில் அப்படியே பொருந்தும், கதவு உண்டு, ஆர்.வி.க்கு, அதாவது ட்ரெய்லர் மாதிரி வீட்டு வண்டிக்கு, சான்று பெற்றது. (முடிவே இல்லாத சுடுதண்ணீரை வைத்து என்ன செய்வது? குளித்த தண்ணீர் போய்ச் சேரும் கிரே டேங்க் 30 கேலன். நிமிடத்துக்கு ஒன்றரை கேலன் விட்டால் 20 நிமிடத்தில் அது நிரம்பிக் காலடியில் எதுக்களிக்கும். சாக்கடை இணைப்பு இல்லாத இடத்தில் முகாம் போடுகிறவருக்கு டேங்க்லெஸ்ஸால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. இதையும் முன்பே யோசித்திருக்க வேண்டும்.)

நம்பிய இடம் எது என்று துல்லியமாகச் சொல்ல முடியும். பழைய ஹீட்டரின் தகட்டைப் படம் எடுத்து, ஓட்டையின் அளவும் போட்டு, கடையின் சாட்டில் அனுப்பினேன்: உயரம் 12¾ இஞ்ச், அகலம் 12¾, ஆழம் 19-க்குக் கொஞ்சம் மேல். நான்கே நிமிடத்தில் பதில். "ஆம் ஐயா, உங்கள் மாடல் எங்களுக்குத் தெரியும், நேரடியாகப் பொருந்தும், கவலை வேண்டாம்." அளவைத் திருப்பிச் சொல்லி, பழைய தகட்டில் இருந்த மாடல் எண்ணையும் சரியாகக் குறிப்பிட்டார்கள். படத்தைப் பார்த்துப் பேசுகிறவர் ஏமாற்ற மாட்டார் என்று தோன்றியது. அந்த நான்கு நிமிடம்தான் 1,074 டாலர்.

கார்டில் 649 கட்டியதும் அடுத்த செய்தி வந்தது: வெள்ளைக் கதவு வேறு கிடங்கில் இருக்கிறது, அதற்கு 85 டாலர் தனி, பணம் அனுப்பும் ஆப்பில் போட்டுவிடுங்கள், ஹீட்டர் விலையில் பிறகு கழித்துக்கொள்கிறோம். ஆப்பில் போட்ட பணத்துக்குச் சந்தையும் பொறுப்பில்லை, கார்டு கம்பெனியும் பொறுப்பில்லை. போட்டேன்.

இனிமேல்தான் அவர்களுடைய சாமர்த்தியம். ஹீட்டர் ஐந்தாம் நாளே வந்துவிட்டது. திருப்பி அனுப்ப 30 நாள் என்றால், அந்தக் கடிகாரம் ஹீட்டர் வந்த நாளிலிருந்து ஓடும். கதவு வரவில்லை. கேட்டால் "கப்பலில் இருக்கிறது", "கஸ்டம்ஸில் இருக்கிறது", "இந்த வாரம் நிச்சயம்". கதவு இல்லாமல் டேங்க்லெஸ்ஸை முழுதாகப் பொருத்திச் சோதித்துப் பார்க்க முடியாது, ஏனென்றால் காற்றை உள்ளே இழுப்பதும் புகையை வெளியே விடுவதும் அந்தக் கதவின் வழியாகத்தான். ஹீட்டர் வந்து 24 நாள் கழித்துக் கதவு வந்தது. நடமாடும் ஆர்.வி. மெக்கானிக் கிடைத்தது 31-ஆம் நாள். புரிகிறதா?

மெக்கானிக் நேர்மையான ஆள். கேஸ் அழுத்தத்தை மானோமீட்டரில் பார்த்தார்: எரியாதபோது 11 இஞ்ச், எரியும்போது 10.8. ஆர்.வி.யில் இருக்க வேண்டியதே 11 இஞ்ச் நீர் உயர அழுத்தம்தான், எனவே கேஸில் குறையில்லை. கதவைத் திறந்தே வைத்து, எந்தக் குழாயிலும் பச்சைத்தண்ணீர் கலக்காமல், ஒரு கேலன் ஜாடியைப் பிடித்தோம். 40 வினாடியில் நிரம்பியது, அதாவது நிமிடத்துக்கு ஒன்றரை கேலன். உள்ளே போகும் தண்ணீர் 52 டிகிரி, வெளியே வந்தது 88. உடம்புக்கு இதமான குளியலுக்கு 105 வேண்டும். 88 என்பது 31 செல்சியஸ், நம் ஊர் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே அதைவிடச் சூடாக வரும்.

கணக்கு எளிது, வீட்டிலேயே போடலாம். நிமிடத்துக்கு எத்தனை கேலன் என்பதை 500-ஆல் பெருக்கி, ஏறிய டிகிரியால் பெருக்கினால் மணிக்குத் தண்ணீருக்குள் போன பி.டி.யூ. வரும். 500 × 1.5 × 36 = 27,000. 80 சதவீதத் திறன் என்று வைத்தால் பர்னர் எரித்தது 34,000 சுமார். சொன்னது 65,000, வந்தது பாதி. 65,000 உண்மையாக இருந்திருந்தால் அதே ஓட்டத்தில் 121 டிகிரி வந்திருக்கும்.

மெக்கானிக் டார்ச் அடித்துப் பக்கவாட்டுத் தகட்டைப் பார்த்தார். ஸ்டிக்கரின் ஒரு மூலை லேசாகத் தூக்கியிருந்தது. ஹேர் டிரையரைக் காட்டி நகத்தால் நெம்பினோம். பசையோடு நூல் நூலாக உரிந்து வந்தது. அடியில் இன்னொரு ஸ்டிக்கர். அதே எழுத்துரு, அதே கட்டங்கள், பி.டி.யூ. கட்டத்தில் மட்டும் 34,000. அதற்குக் கீழே, மேல் ஸ்டிக்கரில் இல்லாத ஒரு வரி: "வெளிப்புறப் பயன்பாட்டுக்கு மட்டும்."

அதாவது மரத்தில் மாட்டிக் குளிக்கும் கேம்பிங் ஹீட்டரின் உடம்பை வேறு தகரப் பெட்டிக்குள் போட்டு ஆர்.வி. ஹீட்டர் என்று தலையில் கட்டியிருக்கிறார்கள். இதில் பணம் போனது சின்ன விஷயம். என்.எஃப்.பி.ஏ. 1192 என்ற ஆர்.வி. தரவிதிப்படி, சமையலடுப்பைத் தவிர உள்ளே எரியும் எந்தக் கருவியின் எரிகாற்றும் ஆள் இருக்கும் இடத்தின் காற்றோடு கலக்கவே கூடாது. இதில் கதவைச் சாத்தி ஓட்டிய 12-ஆம் நிமிடம் கட்டிலுக்கடியில் இருந்த கார்பன் மோனாக்சைடு (மணமே இல்லாத விஷவாயு) அலாரம் கத்தியது. காற்றில் அந்த வாயு 70 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 70 பங்கு) இருந்தால் அந்த அலாரம் ஒரு மணி நேரத்துக்கு முன் கத்தாது. 150 இருந்தால் 10 நிமிடத்திலிருந்து 50-க்குள், 400 இருந்தால் 4-லிருந்து 15-க்குள். அப்படியானால் 12 நிமிடம் என்பதை நீங்களே எடை போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே யாரும் தூங்கிக்கொண்டிருக்கவில்லை.

காரணமும் தெரிந்தது. கதவில் புகை வெளியேறும் ஜாலி, ஹீட்டரின் புகைவாய்க்கு அரை இஞ்ச் தள்ளி இருந்தது. புகை கதவின் உட்புறத்தில் மோதித் திரும்பி, பர்னர் காற்றெடுக்கும் வழியிலேயே போயிருக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் சுடர் மஞ்சளாகும், கதவின் மேல்விளிம்பில் கரி படியும், கார்பன் மோனாக்சைடு ஏறும். மூன்றும் இருந்தன. பின்பக்கம் கேஸ் குழாய் நுழையும் ஓட்டைக்கு ரப்பர் வளையமே அனுப்பவில்லை, அதன் வழியாக ட்ரெய்லருக்குள் வந்திருக்கிறது.

அதற்குப் பிறகு விற்பனையாளரோடு சாட்டில் நடந்த பந்தாட்டம்:

"கேஸ் அழுத்தம் குறைவாக இருக்கும் ஐயா." மானோமீட்டர் படம் அனுப்பினேன். "தண்ணீர் ஓட்டத்தைக் குறைத்துப் பாருங்கள்." குறைத்தால் சூடு ஏறும், உண்மைதான். ஆனால் நிமிடத்துக்கு அரை கேலனை நெருங்கியதும் ஓட்டத்தை உணரும் சென்சார் பர்னரை அணைத்துவிடுகிறது, தலையில் சோப்போடு ஐஸ் தண்ணீர். "வீடியோ அனுப்புங்கள்." அனுப்பினேன். "பெரிய ஃபைல், 30 வினாடிக்குள் அனுப்புங்கள்." அனுப்பினேன். "உரிமம் பெற்றவர் பொருத்தினாரா, பில் வேண்டும்." அனுப்பினேன். அந்தப் பில்லையே பிடித்துக்கொண்டார்கள்: "கேஸ் இணைத்துவிட்டதால் இது பயன்படுத்திய பொருள், திரும்பப் பெற இயலாது." பில் கேட்டதே அதற்குத்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

சந்தைக்காரரிடம் போனால் "விற்பனையாளர் பதில் அளித்துவிட்டார், புகார் முடிக்கப்பட்டது" என்று தானியங்கி மின்னஞ்சல். மறுபடி திறந்தேன். 30 நாள் தாண்டிவிட்டது என்றார்கள். கதவு 24-ஆம் நாள் வந்த ரசீதைக் காட்டினேன். கதவு எங்கள் தளத்தில் வாங்கியதல்லவே என்றார்கள். கடைசியில் விற்பனையாளர் பெரிய மனது பண்ணி 40 டாலர் கூப்பன் தருகிறாராம், அவர் கடையிலேயே செலவழிக்க. 1,074 டாலருக்கு 40 டாலர் கூப்பன்.

649-க்கு மட்டும் கார்டு கம்பெனியில் எழுத்துமூலம் தகராறு பதிந்திருக்கிறேன். கிரெடிட் கார்டு என்றால் ஸ்டேட்மெண்ட் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் எழுதியாக வேண்டும் என்பது இங்கே சட்டம். தொலைபேசியில் சொன்னால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். 85-உம் 340-உம் போனது போனதுதான்.

எந்த ஹீட்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்திலேயே பாதி போய்விட்டது. அவசரத்துக்கு இவ்வளவு:

கதவு தனியாக வரும் என்று சொன்னால் வாங்கவே வேண்டாம். வாங்கிவிட்டால், இரண்டும் கைக்கு வந்த பிறகே நாள் கணக்கு என்று சந்தையின் சாட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

யூ.எல்., சி.எஸ்.ஏ., ஈ.டி.எல். போன்ற, பாதுகாப்பைச் சோதித்துச் சான்று தரும் அமைப்புகளில் ஒன்றின் குறி தகட்டில் இருக்க வேண்டும். குறியை யாரும் அச்சடிக்கலாம், எனவே அந்த அமைப்பின் இணையப் பட்டியலில் மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள். சி.இ. என்பது ஐரோப்பியக் குறி, இங்கே அது சான்றாகாது. பணம் கட்டும் முன் தகட்டின் படம் கேளுங்கள். பெட்டியைப் பிரித்ததும் ஸ்டிக்கர் மூலையை நகத்தால் தொட்டுப் பாருங்கள்.

கேஸை இணைக்கும் முன் எல்லாவற்றையும் படம் எடுங்கள், இணைத்த நிமிடமே அது "பயன்படுத்திய பொருள்". கதவை வெறுமனே பிடித்து ஜாலியும் புகைவாயும் நேராக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், இதற்குக் கேஸ் தேவையில்லை.

டேங்க் வாங்குகிறவர்களுக்கு ஒன்று: சுடுதண்ணீர்க் குழாயில் காற்று போய்த் தண்ணீர் சீராக வரும்வரை கரண்ட் சுவிட்சைத் தொடாதீர்கள். தண்ணீர் இல்லாமல் போட்டால் எலிமெண்ட் ஒரு நிமிடம்கூடத் தாங்காது, அதற்கு வாரண்டியும் கிடையாது.

டேங்க்லெஸ் ஏற்கனவே வைத்திருப்பவர்கள், உறைபனி வருவதற்குள் உள்ளிருக்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். மெல்லிய செப்புச் சுருள், ஒரே ராத்திரியில் வெடித்துவிடும். சிலவற்றில் உறையாமல் காக்கும் ஏற்பாடு உண்டு, ஆனால் அது 12 வோல்ட்டில் ஓடுவது. பேட்டரி இறங்கினால் அதுவும் இல்லை.

அலாரத்தின் பின்பக்கம் காலாவதித் தேதி இருக்கும். இப்போதே எழுந்து போய்ப் பாருங்கள்.