டெம்ப்ளிஃபை கிட்: களைச்செடியில் புது வைரஸ் தேடுவோருக்கு எவ்வளவு உதவும்?

களைச்செடி இலையில் நரம்பு மஞ்சளாகத் தெரிந்தால் முதல் சந்தேகம் வட்ட டிஎன்ஏ கொண்ட தாவர வைரஸான பெகோமோவைரஸ் மேல்தான் விழும். இன்ன வைரஸ் என்றே தெரியாதபோது எந்த வரிசைக்குப் பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டு) போடுவது? வட்ட டிஎன்ஏவைப் பெருக்கித் தரும் டெம்ப்ளிஃபை கிட் கைகொடுப்பது அங்கேதான். இதிலுள்ள ஃபை29 பாலிமரேஸ் என்ற நகலெடுக்கும் என்சைம், எந்த வரிசையிலும் ஒட்டக்கூடிய ரேண்டம் பிரைமர்களைப் பிடித்துக்கொண்டு வட்ட டிஎன்ஏ எதுவானாலும் சுற்றிச் சுற்றி நகலெடுக்கும். பெகோமோவைரஸின் முழு ஜீனோமைக் குளோன் செய்ய இதைப் பயன்படுத்தலாம் என்பது 2004இலேயே வெளியாகிவிட்டது.

5 மைக்ரோலிட்டர் சாம்பிள் பஃபரில் 1 மைக்ரோலிட்டர் டிஎன்ஏ, 95 டிகிரியில் 3 நிமிடம். நன்றாக ஆறிய பிறகே 5 மைக்ரோலிட்டர் ரியாக்‌ஷன் பஃபரும் 0.2 மைக்ரோலிட்டர் என்சைமும். சூட்டோடு ஊற்றினால் என்சைம் செத்துவிடும். 30 டிகிரியில் 18 மணி நேரம், கடைசியில் என்சைமை நிறுத்த 65 டிகிரியில் 10 நிமிடம். துத்தி வகைச் செடிகளின் கொழகொழப்பு டிஎன்ஏவோடு வந்து என்சைமைத் தடுக்கும். டிஎன்ஏ பிரிக்கும் சிடிஏபி பஃபரில், இலைக் கழிவுகளைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி சேர்த்துப் பிரித்து, அந்த டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்தும் ஒரு குழாய் வையுங்கள்.

காலையில் குழாயில் பிசுபிசுவென்று டிஎன்ஏ இருப்பதைப் பார்த்து வைரஸ் கிடைத்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. வெறும் தண்ணீர் வைத்த குழாயிலும் அப்படி வரும். வெட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். குறிப்பிட்ட வரிசையில் மட்டும் டிஎன்ஏவை வெட்டும் பாம்எச்1, ஈகோஆர்1, ஹிண்ட்3, கேபிஎன்1 என்சைம்களால் தனித்தனியாக வெட்டி ஜெல்லில் ஓட்டுங்கள். 2.7–2.8 கிலோபேஸில் (ஒரு கிலோபேஸ் என்பது ஆயிரம் டிஎன்ஏ எழுத்து) ஒற்றைப் பேண்டு, அதாவது ஒரே கோடு, என்றால் ஒரே இடத்தில் வெட்டு விழுந்த முழு ஜீனோமாக இருக்கலாம். 1.35 கிலோபேஸ் அருகே வந்தால், வைரஸை ஒட்டி வாழும் சிறு வட்ட டிஎன்ஏவான பீட்டா சாட்டிலைட்டா என்று பாருங்கள்; அஜெரேட்டம் செடியின் மஞ்சள் நரம்புக்கு வைரஸோடு அதுவும் வேண்டும். துண்டுகளின் கூட்டல் 5.5 கிலோபேஸைத் தொட்டால் ஜீனோமின் இரண்டு கூறுகளோ (டிஎன்ஏ-ஏ, டிஎன்ஏ-பி) கலப்புத் தொற்றோ இருக்கும். நீளமான புகைத்தடம் மட்டும் என்றால் குளோனிங்குக்குப் போகாதீர்கள்.

பலரும் தவறவிடும் கோளாறு ஒன்று: என்சைம் அருகருகே இரண்டு இடத்தில் வெட்டியிருந்தால், நடுவிலுள்ள சின்னத் துண்டு ஜெல்லில் தெரியாமலே தொலைந்துவிடும். குளோன் முழுசாகவே தோன்றும். வெட்டிடத்தின் குறுக்கே பிசிஆர் செய்து சரிபார்க்காத வரிசையை நம்ப முடியாது.

குறையும் உண்டு. சிறிய வட்டங்கள் முந்திக்கொள்ளும். பாதி அழிந்த வைரஸ் மூலக்கூறுகளும் மைட்டோகாண்ட்ரியா பிளாஸ்மிட்களும் அதிகம் பெருகும். ஆகவே பேண்டின் தடிமனை வைத்துச் செடியில் எது அதிகம் என்று சொல்ல முடியாது. ஆர்என்ஏ வைரஸ்கள் இதில் அகப்படவே அகப்படா. தாவர வைரஸ்களில் பெரும்பான்மை அவைதான். அவற்றுக்கு ரைபோசோம் ஆர்என்ஏவை நீக்கிவிட்டு மொத்த ஆர்என்ஏவை வரிசைப்படுத்துவது ஒரு வழி.

புது இனம் என்று சொல்ல, டிஎன்ஏ-ஏ முழு நீளத்தையும் தெரிந்த எல்லாப் பெகோமோவைரஸ்களோடும் ஜோடி ஜோடியாக ஒப்பிட்டு, ஒற்றுமை 91 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். உறைப்புரத மரபணுவை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள். இந்த வைரஸ்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால், அந்த ஒரு துண்டு வேறொரு வைரஸிடமிருந்து வந்ததாக இருக்கலாம்.