கிளாத்திக்குத் துணை தேடி: கோவையின் கடல்மீன் கடை ஒன்றைப் பற்றி

உடுமலைப்பேட்டையில் உப்புநீர்த் தொட்டி வைத்து மீன் வளர்க்கிறேன் என்று சொன்னால், அமராவதி அணை பக்கத்திலேயே இருக்கும்போது கடல்மீன் எதற்கு என்று கேட்காத உறவினர் இல்லை. ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் கொண்ட என் தொட்டியில் ஒரு ஜோடி க்ளவுன் மீன், ஒரு பவுடர் ப்ளூ டாங், ஃபாக்ஸ்ஃபேஸ் என்று கடைகளில் சொல்லப்படும் மஞ்சள் ஓரா ஒன்று, நான்கு டாம்சல்கள், மீன்களின் மேலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்னும் க்ளீனர் இறால் ஒன்று ஆகியவை மூன்று ஆண்டுகளாகப் பெரிய சண்டையின்றி இருந்து வந்தன. அவற்றோடு கிளாத்தி வகையைச் சேர்ந்த டிரிகர் மீன் ஒன்றைச் சேர்க்கும் ஆசையில்தான் கோவை காந்திபுரத்தின் குறுக்குச் சந்து ஒன்றில் இருக்கும் இந்தக் கடைக்குப் போனேன். பெயர் போட்டு எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் பெயரைத் தவிர்க்கிறேன். உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கும் கோவைக்காரர்களைக் கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள்.

நான் கேட்டது க்ளவுன் டிரிகர். கரிய உடலின் அடிப்பாதியில் பெரிய வெள்ளை வட்டங்களும், வாயைச் சுற்றி மஞ்சள் பூச்சுமாக, இரண்டு அங்குலக் குஞ்சு ஒன்று அங்கே தனித் தொட்டியில் இருந்தது. விலை கேட்ட எனக்கு விலை சொல்லப்படவில்லை. "ஏனுங்க, வூட்டுல ஏற்கெனவே என்னென்ன மீனு இருக்குதுங்க?" என்று கேட்டு, நான் சொன்ன பட்டியலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, "இத நான் குடுத்தா ரெண்டு வருசத்துல நீங்களே என்னைய வைவீங்க" என்றார் கடைக்காரர். அவர் சொன்னதில் மிகையில்லை. க்ளவுன் டிரிகர் குஞ்சாக இருக்கும்போது அடக்கமாகவே இருக்கும்; வளர வளரத் தொட்டி முழுவதையும் தன் காணியாகக் கொண்டு, அதுவரை கூடவே வளர்ந்த மீன்களையும் கடித்துக் குதறத் தொடங்கும். அதையும் விஞ்சிய முரடு ஆரஞ்சுக் கோடுகள் கொண்ட அன்டுலேட்டட் டிரிகர். அதைத் தனியாக வளர்ப்பதே முறை. பிக்காசோ டிரிகர் நடுத்தரம்; பெரிய, வேகமான மீன்களோடு அதை வைக்கலாம்.

டிரிகர் குடும்பத்தில் கூட்டுக் குடித்தனத்துக்கு ஓரளவு ஒத்துவருபவை, பாறையைக் குடைந்து நண்டும் கடல் முள்ளெலியும் தின்பவை அல்ல. நடுநீரில் மிதந்து வரும் மிதவை உயிர்களை மேய்பவை. ப்ளூத்ரோட், பிங்க்டெயில், நைஜர் ஆகிய மூன்றும் அந்த வகையைச் சேர்ந்தவை. கடையில் அன்று நைஜர் மட்டுமே இருந்தது. கருநீல உடலும் பிறை போல் வளைந்த வாலும் சிவந்த பற்களும் உடைய இந்த மீன் நமக்கு அந்நியமானதன்று. தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவர் அதைப் பார்த்ததும், "இது கிளாத்திதானே, தோலை உரித்துக் குழம்பு வைப்போமே" என்றார். அன்று முதல் எங்கள் வீட்டிலும் அதற்குக் கிளாத்தி என்பதே பெயர்.

விற்கும் முறையில் இந்தக் கடை எனக்குப் பிடித்துப்போனது. நான்கு அங்குல நைஜரை முன்பணம் வாங்கிக்கொண்டு இரண்டு வாரம் தம்மிடமே வைத்திருந்து, ஓட்டோடு நறுக்கிய இறால் துண்டை அது தின்பதை என் கண்முன் காட்டிய பிறகே கொடுத்தார்கள். வெள்ளைப் புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து போடும் தொட்டிகளின் தண்ணீர், இறாலும் நட்சத்திர மீனும் இருக்கும் தொட்டிகளோடு கலக்காதபடி தனி வடிகட்டியில் ஓடுகிறது. முதுகெலும்பற்ற உயிர்களைச் செம்பு கொன்றுவிடும் என்பதால், இந்தப் பிரிவினை இல்லாத கடையில் இரண்டையும் ஒருசேர வாங்குவது புத்திசாலித்தனமன்று. மீனை வலையால் பிடிக்காமல் பிளாஸ்டிக் ஜாடியால் மொண்டெடுத்ததையும் குறிப்பிட வேண்டும். டிரிகரின் முதுகில் இருக்கும் முதல் முள் நிமிர்ந்தால், பின்னாலுள்ள இரண்டாவது சிறுமுள் அதன் அடியில் வந்து பூட்டிக்கொள்ளும். அந்தச் சிறுமுள்ளை அழுத்தினால்தான் பெரிய முள் மடங்கும். துப்பாக்கி விசையைக் குறிக்கும் பெயர் அதற்கு வந்த காரணமும் இதுவே. வலையில் விழுந்த டிரிகர் முள்ளைப் பூட்டிக்கொண்டால், வலையை வெட்டித்தான் மீனை விடுவிக்க நேரும். வழியில் பையைக் கிழித்துவிடாமல் இருக்க இரட்டைப் பையில் போட்டு, அதையும் மூடியுள்ள வாளிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். பொள்ளாச்சி வழியாக இரண்டு மணிநேரம் காரில் வந்தும் மீன் சோர்வில்லாமல் இருந்தது.

டிரிகரைக் கடைசியாகத்தான் சேர்க்க வேண்டும் என்பது எல்லோரும் சொல்லும் பாடம். முதலில் குடியேறியது எதுவோ அது தொட்டியைச் சொந்தமாக்கிக்கொள்ளும். கடையிலிருந்து வந்த இளைஞர் அதோடு நிற்காமல், பாறைகளை இடம் மாற்றி அடுக்கிப் பழைய மீன்களின் எல்லைகளைக் கலைத்தார். துளையிட்ட அக்ரிலிக் பலகையால் ஓர் ஓரத்தைத் தடுத்து, கிளாத்தியை ஐந்து நாள் அதற்குள் வைக்கச் சொன்னார். தடுப்பை எடுத்த அன்று வம்பு செய்தது கிளாத்தி அல்ல. கட்டைவிரல் அளவுள்ள ஒரு டாம்சல், தன்னைவிட இரு மடங்கு பெரிய விருந்தாளியை அரை நாள் விரட்டியது. கிளாத்தியோ ஒரு பொந்துக்குள் தலையை நுழைத்து, முள்ளைப் பூட்டிக்கொண்டு, வாலின் இரு நுனிகள் மட்டும் வெளியே தெரிய மாலை வரை கிடந்தது. இன்றும் இரவில் அப்படியேதான் உறங்குகிறது. ஹீட்டரையும் அதன் வயரையும் மீன் எட்டாத கீழ்த்தொட்டிக்கு மாற்றி, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சாதனத்தையும் பொருத்திக் கொடுத்தார். எதையும் கடித்துப் பார்க்கும் மீன் இருக்கும் வீட்டில் இது வேண்டாத செலவன்று. வந்து போன வேலைக்கு வாங்கிய 1,800 ரூபாய் எனக்கு நியாயமாகவே பட்டது.

இனிக் குறைகளைச் சொல்ல வேண்டும். க்ளீனர் இறாலை என்ன செய்வது என்று நான் குறிப்பாகக் கேட்டபோது, நைஜர் சாது, ஒன்றும் பண்ணாது என்று கடையில் உறுதி கூறினார்கள். நான்கு மாதம் உண்மையாகவே ஒன்றும் பண்ணவில்லை. ஓரா மீனின் மேல் ஏறி நின்று இறால் தன் துப்புரவு வேலையைப் பார்ப்பதைக் கிளாத்தி வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு ஒரு நாள் காலையில் சட்டை உரித்த இறாலின் கூடு மட்டும் மணலில் கிடந்தது, இறாலைக் காணவில்லை. ஓடு உரித்த இறாலின் உடல் சில மணிநேரம் மென்மையாக இருக்கும். டிரிகருக்கு அந்த ஓர் இரவு போதும். இறால், நண்டு, நத்தை எதுவானாலும் டிரிகரோடு வைப்பது தவணை சொல்லாத கடன்தான் என்பதைக் கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டும். இன்னொன்று, அளவு. ஒரு அடிக்கு மேல் போகாது என்றார்கள். கடலில் வாலோடு சேர்த்து 50 செ.மீ. வரை வளரக்கூடிய மீன் இது. தொட்டியில் அவ்வளவு எட்டுவது அரிது என்றாலும், வாங்குபவர் முழுக் கணக்கையும் அறிந்து வாங்குவதே முறை. ஆறடித் தொட்டி போதும் என்பதைவிட, ஆறடிக்குக் கீழே நினைக்கவே வேண்டாம் என்பதே சரியான அறிவுரையாக இருந்திருக்கும்.

தீனி விஷயத்தில் அவர்கள் எழுதிக் கொடுத்த தாளை அப்படியே பின்பற்றுகிறேன். டிரிகரின் பற்கள் வளர்ந்துகொண்டே இருப்பதால், தேய்வதற்கு ஓட்டோடு கூடிய இறாலும் மட்டியும் வேண்டும்; கோவைக்குப் போகும்போது உக்கடம் மார்க்கெட்டில் வாங்கிச் சிறு பொட்டலங்களாக ஃப்ரீசரில் வைத்துக்கொள்கிறேன். ஒரே வேளையில் கொட்டாமல் நாளுக்கு மூன்று முறை சிறிதளவு போடுவதால், பசியில் மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும் பழக்கம் வரவில்லை. இவ்வளவு தின்னும் மீன் அதற்கேற்பக் கழிவும் விடும் என்பதால் கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரைப் பெரிதாக மாற்ற வேண்டியதாயிற்று. அதை முன்பே சொல்லியிருந்தார்கள், நான்தான் காதில் வாங்கவில்லை.

உப்பு அவர்களிடமே வாங்குகிறேன். எங்கள் ஆழ்குழாய்க் கிணற்றின் கடின நீர் இதற்கு ஆகாது, ஆர்.ஓ. நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 36 கிராம் வீதம் கலந்து, ஒப்படர்த்தி 1.024 வரும்படி பார்த்துக்கொள்கிறேன். மாதம் 80 லிட்டர் மாற்ற மூன்று கிலோ உப்பு வேண்டும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றில், காற்றாலைகளுக்கு யோகமோ இல்லையோ, தொட்டியில் நாளுக்கு எட்டு லிட்டர் வரை ஆவியாகிவிடுகிறது. நீர்தான் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத நன்னீரையே ஊற்ற வேண்டும் என்பதைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் கடையில் பொறுமையாக விளக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

அங்கே பவளமோ நுண்ணுயிர்கள் குடியிருக்க கடலிலிருந்து பெயர்த்த உயிர்ப்பாறையோ கிடைக்காது. பவளப் பூச்சிகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் இருப்பவை. அவற்றை விற்பதும் வாங்குவதும் குற்றம். வேறொரு கடையில் கதவைப் பாதி சாத்திவிட்டுத் தணிந்த குரலில் இருக்கிறது என்றார்கள். அந்தப் பக்கம் மறுபடி போகவில்லை. இங்கே செயற்கைப் பாறையும் வடிகட்டிக்கான செராமிக் வளையங்களும் தருகிறார்கள். டிரிகர் தொட்டிக்கு அவையே தாராளம். பவளம் வைத்தாலும் கிளாத்தி அதைக் கடித்துப் பார்க்காமல் விடாது.

என் கிளாத்தி இப்போது ஏழு அங்குலம். தொட்டிக்கு மிஞ்சி வளர்ந்தால் திரும்ப எடுத்துக்கொள்வதாகப் பில்லின் பின்புறம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். விலையில் எவ்வளவு கழிப்பார்கள் என்பது மட்டும் அதில் இல்லை. கடைக்குப் புதுச் சரக்கு வருவது செவ்வாய்க்கிழமை. அன்று போய்ப் பார்த்துவிட்டு மட்டும் வந்து, அடுத்த வாரமும் அதே மீன் நன்றாகத் தீனி எடுத்துக்கொண்டிருந்தால் வாங்குங்கள்.