சுருட்டுப் பெட்டியை மறுபடி பதப்படுத்த வேண்டுமா? 84 சதவீதப் பை பற்றிய என் மதிப்பீடு

சுருட்டுப் பெட்டியின் காய்ந்த மரத்துக்கு ஈரம் ஊட்டும் போவேடா நிறுவனத்தின் 84 சதவீத ஈரப்பதப் பை நல்ல பொருள். ஆனால் அதை வாங்கும் பலருக்கு அது தேவையே இல்லை. ஹியூமிடரை, அதாவது சுருட்டுகளை ஈரப்பதம் குறையாமல் காக்கும் மரப்பெட்டியை, ஆண்டுக்கொரு முறை பதப்படுத்தி அதன் மரத்துக்கு ஈரம் ஏற்றியே தீர வேண்டும் என்று அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. சுருட்டு நிறைந்து, உள்ளே ஈரப்பதம் 65க்கும் 72க்கும் நடுவில் ஆடாமல் நிற்கிற பெட்டியின் மரம், குடிக்க வேண்டியதைக் குடித்துவிட்டது. அதை 84க்கு ஏற்றினால் கிடைப்பது நன்மை அல்ல, மறுபடி இறங்கும்வரை காத்திருக்கும் வேலைதான்.

என் அண்ணன் எனக்குக் கொடுத்த பெட்டியின் கதை வேறு. வால்நட் மூடி, உட்புறம் முழுக்க ஸ்பானிஷ் சீடர் பலகை. நெடுங்காலம் காலியாகவே அலமாரியில் கிடந்தது. திறந்தபோது சீடர் வாசனை மிக மெலிதாகத்தான் வந்தது. உள்தட்டு இப்படியும் அப்படியும் நகர்ந்தது. மூலையில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. மூடியைக் கைவிட்டால் ‘தட்’டென்று விழுந்தது. நல்ல நிலையில் இருக்கும் பெட்டியில் அப்படி விழாது. உள்ளே அகப்பட்ட காற்று தடுக்க, கடைசி விரற்கடையை மெல்லக் கடந்துதான் உட்காரும். மரம் காய்ந்து சுருங்கிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இப்படிப்பட்ட பெட்டிக்குத்தான் மறுபதம் தேவை.

ஸ்பானிஷ் சீடர் என்பது பெயரில்தான் சீடர். செட்ரெலா ஒடோராட்டா என்ற அந்த மரம் நம் வேம்பும் மகோகனியும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. சுற்றியிருக்கும் காற்றுக்கு ஏற்ப ஈரத்தை வாங்கவும் விடவும் செய்யும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் மரத்துக்குள் நீர் அதன் உலர் எடையில் ஏறத்தாழ 9 சதவீதம் நிற்கும். 70 சதவீதமாக இருந்தால் ஏறத்தாழ 13. அந்த வித்தியாசத்தை யாராவது கொடுத்தாக வேண்டும். நீங்கள் கொடுக்காவிட்டால் சுருட்டிலிருந்து மரம் எடுத்துக்கொள்ளும். சுருட்டைச் சுற்றியிருக்கும் மேலிலை நுனியில் வெடிக்கும், புகை சூடேறும், பாதியிலேயே கசக்கும்.

பழைய முறை, காய்ச்சி வடித்த நீரில் நனைத்த துணியால் உட்புறத்தைத் துடைப்பது. எனக்கு இது பிடிக்காது. நீர் பட்ட மேற்பரப்பு ஒரேயடியாக உப்புகிறது. அடியில் இருக்கும் மரம் உலர்ந்தே கிடக்கிறது. மெல்லிய பலகை வளையும், நார் எழும்பும், ஒட்டிய இணைப்புகள் வாய்பிளக்கும். கிண்ணத்தில் நீரோ நனைந்த பஞ்சோ வைத்து மூடுவது இதைவிட மேல். ஆனால் அது எந்த அளவில் நிற்க வேண்டும் என்று அறியாமல் ஈரத்தை ஏற்றிக்கொண்டே போகும்; கண் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

84 சதவீதப் பையின் சிறப்பு இங்கேதான். உள்ளே இருப்பது உப்புக் கரைசல். உறை நீராவியை மட்டும் விடும், நீரை விடாது. பை எங்கே பட்டாலும் மரம் நனையாது. 84ஐத் தாண்டவும் விடாது. 25 சுருட்டு கொள்ளும் இடத்துக்கு 60 கிராம் பை ஒன்று என்ற கணக்கில் வைத்து, 14 நாள் மூடியே வைக்கச் சொல்கிறார்கள். இந்தக் கணக்கில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். பை குறைந்தால் மரம் பாதித் தாகத்தோடு நிற்கும். நடுவில் திறந்து பார்ப்பதும் கூடாது. ஒவ்வொரு முறையும் சேர்ந்த ஈரம் வெளியே போய்விடும். அதுவரை சுருட்டுகளைக் காற்றுப் புகாத ஜிப் பையில், தினசரிப் பயன்பாட்டுக்கான 69 சதவீத ஈரப்பதப் பை ஒன்றோடு போட்டு வையுங்கள்.

அண்ணன் பெட்டியில் பைகளை எடுத்தபோது உள்தட்டு ஆடாமல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. மூலை இடைவெளி மூடியிருந்தது. சீடர் வாசனை அறைக்கே வந்தது. 69 சதவீதப் பைகளுக்கு மாற்றி, சுருட்டுகளைத் திரும்ப வைத்த பிறகு அளவு இன்றுவரை நிலையாக நிற்கிறது. இதற்காக இந்தப் பையை மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் இரண்டு விஷயங்களை இது சரி செய்யாது. முதலாவது, பொய் சொல்லும் ஈரப்பதமானி. பெட்டியோடு வரும் முள் வைத்த மானிகளை நான் நம்புவதே இல்லை. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் ஈர மணலாகும் அளவுக்குச் சில துளி நீர் விட்டு, மானியோடு ஜிப் பையில் மூடி ஒரு நாள் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 69 காட்டினால் உங்கள் மானி 6 குறைத்துச் சொல்கிறது. பெட்டி நலமாகவே இருந்திருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் மறுபதத்தில் இறங்க வேண்டாம்.

இரண்டாவது, கசியும் மூடி. எரியும் டார்ச் விளக்கை உள்ளே வைத்து மூடி, அறையை இருட்டாக்கிப் பாருங்கள். விளிம்பில் ஒளிக்கீற்று தெரிந்தால் அங்கேதான் ஈரம் போகிறது. மரம் காய்ந்ததால் வந்த மெல்லிய கசிவு பதப்படுத்திய பின் அடைபடலாம். கீல் கோணியதால் வந்ததென்றால் எத்தனை பை வைத்தாலும் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய நீர்தான். தச்சரிடம்தான் போக வேண்டும்.

தினசரிப் பயன்பாட்டில் நான் கவனிப்பது 69 சதவீதப் பை எவ்வளவு சீக்கிரம் விறைக்கிறது என்பதைத்தான். வழக்கமாகச் சில மாதங்கள் மெத்தென்று இருக்கும் பை, சில வாரங்களிலேயே ஓரங்கள் கெட்டியாகிப் போனால், மூடியும் சரி, பைகளின் எண்ணிக்கையும் சரி என்று உறுதியான பிறகு, மரம் குடிக்கிறது என்று கொள்ளலாம். வறண்ட குளிரில் வெப்பமூட்டிய அறையிலும், ஏசி ஓயாமல் ஓடும் அறையிலும் இது நடப்பதுண்டு. பெட்டியைக் காலியாகவே வெகுநாள் விட்டிருந்தாலும் அப்படியே. இவற்றைத் தவிர வேறு எப்போதும் 84ஐத் தொடத் தேவையில்லை. சுருட்டு உள்ளே இருக்கும்போது அதை வைக்கவே கூடாது, பூஞ்சை பிடிக்கும்.

மூடியில் ரப்பர் வளையம் வைத்த பிளாஸ்டிக் பெட்டியோ அக்ரிலிக் ஜாடியோ வைத்திருப்பவர்கள் இதை வாங்க வேண்டாம். அவற்றில் குடிக்க மரமே இல்லை. 65 அல்லது 69 பை ஒன்று போதும்.