கடல் தண்ணி டிஓசி டெஸ்ட்டுக்கு மதுரைல இந்த லேப் ஓகே, ஆனா கேட்டு வாங்கணும் (3.5/5)

போர் தண்ணி, ஆர்ஓ பிளான்ட் தண்ணின்னா கண்ண மூடிட்டு குடுக்கலாம், அதுக்கு ஏற்கனவே நெறைய பேர் ரிவ்யூ போட்டிருக்காங்க. நான் எழுதுறது மண்டபம், தொண்டி பக்கம் கடல் தண்ணி எடுத்துட்டு, டிஓசி (தண்ணில கரைஞ்சிருக்குற ஆர்கானிக் கார்பன்) அளக்க மெஷின் தேடி அலையுற ஆராய்ச்சி மாணவர் கூட்டத்துக்கு.

மொதல்ல நல்லத சொல்லிருறேன். மெஷின் ஷிமாட்சு, 680 டிகிரில பிளாட்டினம் கேட்டலிஸ்ட் மேல தண்ணிய எரிச்சு வர்ற கார்பன்டைஆக்சைடை அளக்குற டைப்பு, கடல் தண்ணிக்கு இதுதான் வேணும். உப்பு உருகுறது 801 டிகிரிலதான், அதனால 680ல உருகி ஓடாது, ஆனா டியூபுக்குள்ள படிஞ்சுகிட்டே வரும், கேட்டலிஸ்ட் சீக்கிரம் போயிரும். லேப்காரங்களுக்கு வயித்தெரிச்சல் இங்கதான். இவங்க பாக்குற போர் தண்ணில டிடிஎஸ் (கரைஞ்ச உப்பு) லிட்டருக்கு 2000 மில்லிகிராம் இருந்தாலே அதிகம், நம்ம கொண்டு போறதுல லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அதனால ரேட்டு சாதா டெஸ்ட்ட விட கூட கேக்குறாங்க, அத நான் தப்பு சொல்ல மாட்டேன்.

தப்பு சொல்றது வேற. ஃபர்ஸ்ட் டைம் குடுத்தப்ப கேக்காமக் கொள்ளாம பத்து மடங்கு டைல்யூட் பண்ணி ஓட்டிட்டாங்க, மெஷின காப்பாத்தவாம். அட, கரையோரக் கடல்லயே டிஓசி லிட்டருக்கு 1, 2 மில்லிகிராம்தான் வரும், அதப் பத்துல ஒண்ணாக்குனா டைல்யூட் பண்ற மில்லி க்யூ தண்ணில (லேப்ல செய்யுற அதிசுத்தத் தண்ணி) இருக்குற கார்பனுக்கும் நம்ம சாம்பிளுக்கும் என்ன வித்தியாசம் தெரியும்? அதோட மெத்தடும் டோட்டல் கார்பன்ல இருந்து இனார்கானிக்க (கார்பனேட், பைகார்பனேட் மாதிரி) கழிக்கிற மெத்தடு. கடல் தண்ணில இனார்கானிக் கார்பன் மட்டும் 24 மில்லிகிராம் பக்கம் இருக்கு, அதுல ஒரு பெர்சன்ட் தப்பானாலே நம்ம டிஓசில கால்வாசி அம்பேல். லோடு லாரிய டிரைவரோட ஒரு தடவ, டிரைவர் இல்லாம ஒரு தடவ எடைமேடைல ஏத்தி டிரைவரோட வெயிட்ட கண்டுபிடிக்கிற கதைதான். ரிப்போர்ட்ல ஒரு சாம்பிள் மைனஸ்ல வந்துச்சு, அதுக்கும் சீல் குத்தி கையெழுத்து போட்டு குடுத்திருந்தாங்க.

போயி கேட்டேன். கவுன்ட்டர்ல இருக்கவரு "கடல் தண்ணின்னா அப்டித்தான் வரும் சார்"னு முடிக்கப் பாத்தாரு. மெஷின் ஓட்டுற அக்கா உள்ள இருந்து வந்து, "தம்பி, என்பிஓசி மோட்ல போடணுமா, சொல்லிருக்கலாம்ல, ஆசிட் போட்டு ஊதிட்டு நேராவே ஓட்டித் தர்றேன்"னு சொன்னாங்க. சொன்ன மாதிரி ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல பிஹெச் 2க்கு எறக்கி, காத்து ஊதி இனார்கானிக்க வெளியேத்திட்டு (இப்டி ஊதியும் போகாம மிஞ்சுற ஆர்கானிக் கார்பன்தான் என்பிஓசி), டைல்யூட் பண்ணாம திரும்ப ஓட்டிக் குடுத்தாங்க, காசு வாங்கல. இந்த தடவ நம்பர் நம்புற மாதிரி இருந்துச்சு, ரெட்டை சாம்பிள்களும் ஒத்துப் போச்சு. அந்த 3.5ல பாதி அக்காவுக்குத்தான்.

பிளாங்க் வேல்யூவ, அதாவது சாம்பிள் இல்லாம மெஷினும் சுத்தத் தண்ணியும் மட்டுமே காட்டுற கார்பன் அளவ, ரிப்போர்ட்ல போட மாட்டாங்க, கேட்டாத்தான் தருவாங்க. கண்டிப்பா கேளுங்க. 1988ல ஜப்பான்ல சுகிமுரா, சுசுகின்னு ரெண்டு பேர் கடல்ல டிஓசி அதுவரைக்கும் நெனச்சத விட ரொம்ப அதிகம்னு பேப்பர் போட்டு உலகத்தையே ஆட வச்சாங்க, 1993ல சுசுகியே அந்த டேட்டாவ வாபஸ் வாங்கிட்டாரு. அந்த சண்டைல பிளாங்க் ஒரு பெரிய பஞ்சாயத்து. அதுக்கப்புறம்தான் மியாமி யூனிவர்சிட்டில இருந்து டிஓசி எவ்ளோன்னு ஏற்கனவே தெரிஞ்ச ஆழ்கடல் ரெஃபரன்ஸ் தண்ணி குடுக்க ஆரம்பிச்சாங்க, லிட்டருக்கு 40 சொச்சம் மைக்ரோமோல் கார்பன், அதாவது லிட்டருக்கு அரை மில்லிகிராம். இங்க அது கெடையாது, மெஷின சரிபாக்குற ஸ்டாண்டர்ட் வெறும் கேஹெச்பி (பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்) தான், அதையும் சுத்தத் தண்ணில போட்டு ஓட்டுறாங்க. பப்ளிஷ் பண்ணப் போறவங்க ரெஃபரன்ஸ் தண்ணிய கைடு கிட்ட சொல்லி வரவழைச்சு சாம்பிளோட சேத்து குடுங்க, ஓட்டித் தர்றாங்க.

இன்னொண்ணு, இவங்க குடுக்குற பிளாஸ்டிக் பாட்டில் வாங்காதீங்க, நம்ம பழுப்புக் கண்ணாடி வயல (சின்ன பாட்டில) 450 டிகிரி ஃபர்னஸ்ல எரிச்சு எடுத்துட்டுப் போங்க, வடிகட்டுற கண்ணாடி நார் ஃபில்டரையும்தான். படகுல எடுக்குறப்ப டீசல் புகை வராத பக்கமா நில்லுங்க. வடிகட்டி ஆசிட் போட்டு ஐஸ் பெட்டில வச்சு கொண்டாந்துட்டா ராம்நாடு, பரமக்குடி வெயில்ல பஸ் என்ன ஊர்ந்தாலும் பயமில்ல.

லேப் ரெண்டாவது மாடி, லிஃப்ட் கெடையாது, பெட்டிய நீங்கதான் தூக்கணும். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல போகாதீங்க, கவுன்ட்டர்ல இருக்கவரு மட்டும் இருப்பாரு, அவருகிட்ட மட்டும் குடுத்துட்டு வந்தீங்கன்னா திரும்ப டைல்யூட்தான். அக்கா இருக்கப்ப போயி, ஃபாரத்துல "என்பிஓசி, டைல்யூட் வேணாம்"னு கொட்டையா எழுதிக் குடுங்க.