குஞ்சு ஆமையா, செத்த பறவையா, மின்மினியா: எது லைட்டை அணைக்க வைக்கும்?

ராத்திரி வெளிச்சத்தால மத்த உயிருங்க படுற பாட்டை எழுதுறவங்க பெரும்பாலும் இந்த மூணுல ஒண்ணைத்தான் எடுக்குறாங்க.

ஆமைக்குஞ்சு. சென்னையில பெசன்ட் நகர், நீலாங்கரை மணல்ல பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) முட்டை போடும், 45-லேர்ந்து 60 நாள்ல பொரிஞ்சு வர்ற குஞ்சு எந்தப் பக்கம் வெளிச்சமோ அதுதான் கடல்னு ஓடும், ஆனா இப்ப தெருலைட்டும் ஹைமாஸ்ட்டும் கரைப்பக்கம்தானே எரியுது, அதனால நேரா ரோட்டுக்குப் போய் டயர்ல நசுங்கும், இல்லாட்டி விடிஞ்சதும் காக்கா கொத்திட்டுப் போயிடும். உள்ளங்கையில பாதி கூட இல்லாத ஜீவன், யாருக்குத்தான் மனசு இளகாது? ஆனா பரிதாபம் ஜாஸ்தியானா எழுதுறவங்க சம்பந்தமில்லாததையும் சேர்த்துடுறாங்க. 2025 ஜனவரியில சென்னை கரையில நூத்துக்கணக்குல ஒதுங்குன பெரிய ஆமைங்க இழுவை வலையில மூச்சுமுட்டிச் செத்ததுங்க, அந்த போட்டோவைப் போட்டு கீழ லைட்டைத் திட்டுனா மீனவக் குப்பத்துல ஒருத்தரும் மதிக்க மாட்டாங்க.

சிகாகோ ஆளுங்க வேற ரூட். 2023 அக்டோபர் 5, மெக்கார்மிக் பிளேஸ்ங்கற மாநாட்டு மையத்தோட ஒரே கட்டடத்துல கிட்டத்தட்ட ஆயிரம் பறவை வெளிச்சத்தைப் பாத்து வந்து கண்ணாடியில மோதி செத்துச்சு, மியூசியத்துல அதையெல்லாம் வரிசையா அடுக்கி போட்டோ எடுத்தாங்க. ‘ஐயோ பாவம்’னு ஒரு வார்த்தை தேவைப்படல. ஒரே கட்டடம்ங்கறதால பழி யார் மேலன்னு சந்தேகமே இல்ல. அங்க ஜன்னல் வெளிச்சத்தைப் பாதியாக்குனா மோதல் 60 சதவீதம் வரை குறையலாம்னு 2021-லயே ஆய்வு வந்தாச்சு, ஆனா 2024-ல பறவை கண்ணுக்குக் கண்ணாடி தெரியட்டும்னு புள்ளி போட்ட ஃபிலிம் ஒட்டுனது இந்த போட்டோ ஊரெல்லாம் சுத்துன பிறகுதான். அவமானம் பரிதாபத்தை விட வேகமா வேலை செய்யும்போல.

மின்மினி கேஸ் எனக்குப் பிடிக்கல. ‘எங்க காலத்துல புளியமரம் பூரா மின்னும்’னு ஆரம்பிப்பாங்க, படிக்கிறவர் தன் சின்ன வயசை நெனச்சு உருகிட்டு வாசல் எல்இடியை எரிய விட்டே தூங்கிடுவார். ஆண் பூச்சி மின்னித்தான் ஜோடி தேடுது, வெளிச்சத்துல அது எடுபடாது, இதை எழுதுனாலாவது உருப்படி.

பீச் ஓர அபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டுக்குன்னா நான் ஆமையைத்தான் எடுப்பேன், ஆனா சிகாகோ பாணியில: ஒரு குஞ்சு போட்டோ, எந்த மாசத்துலேர்ந்து எந்த மாசம் வரை, எந்த மொட்டைமாடி லைட், அதோட ஸ்விட்ச் யார்கிட்ட இருக்குன்னு.